மறுகால் போகிற வழி

(எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். "தாமிரபரணித் தாய் அன்று கோபம் கொண்டாள்" என்று சொன்னபோது நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்த வரியில்தான் எனக்குத் தம்பியோடு வழக்கு இருக்கிறது. 2023 டிசம்பரில் நம் பக்கம் வந்த வெள்ளத்துக்கு ஆற்றை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் எல்லாரும் சாட்சிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் புவியியல் பாடம் நடத்தியவன் நான். மழைமானி படம் ஒழுங்காகப் போடவில்லை என்று இங்கே இருக்கிற சிலரை முட்டிபோட வைத்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. வருஷக் கணக்கை ஒரே நாளில் தீர்த்துவிட்டு, மேலேயும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

95 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பேரன் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்து சென்ட் மனையில் அந்த மழை விழுந்தால் 1.9 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி பதினாறைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு மனையில் மட்டும் திறந்துவிட்டது போல. பக்கத்து வீட்டுக்குத் தனியாகப் பதினாறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானிலை ஆய்வு மையம் மழைக்கு வைத்திருக்கிற பெயர்களில் கடைசிப் பெயர் அதிகனமழை. ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பெயர் வந்துவிடும். அதற்கு மேலே பெயர் கிடையாது. 21 பெய்தாலும் அதிகனமழைதான், 95 பெய்தாலும் அதிகனமழைதான். அதே மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த புயலுக்காவது மிக்ஜாம் என்று ஒரு பெயர் இருந்தது. நமக்கு வந்தது புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். அது நகராமல் நின்றது, கிழக்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்து ஒரே இடத்தில் பிழிந்துகொண்டே இருந்தது. முன்கூட்டியே சொன்னார்களா, சொன்னது போதுமா என்று அப்புறம் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. "அதிகனமழை" என்று தொலைக்காட்சியில் கேட்ட பிறகும் நான் பேரனோடு தாயம் விளையாடிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

சரி, ஆற்றுக்கு வருவோம். "அணையைத் திறந்து ஊரை அழித்துவிட்டார்கள்" என்று டீக்கடையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். மலையிலும் மழை பெய்தது, அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றும் எங்கே இருக்கின்றன? மலையடியில். காயல்பட்டினம் எங்கே இருக்கிறது? கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தையும் தாண்டி, கடல் ஓரத்தில். அங்கே விழுந்த மழையை எந்த அணையும் பிடித்து வைத்திருக்க முடியாது. தரையில் விழுந்த தண்ணீர் கடலுக்குப் போக வழி தேடியது. கடலுக்கும் அதற்கும் நடுவில் நாம் இருந்தோம்.

இனி குளத்தைப் பற்றி. இதைத்தான் முக்கியமாகப் பேச வந்தேன்.

நம் பக்கத்துக் குளம் எதுவும் தனிக்குளம் இல்லை. மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் போகும். நிறைந்தால் மறுகால் வழியாக வெளியே போகும். ஒரு குளத்தின் மறுகால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால். இப்படியே கோத்துக்கொண்டு போய்க் கடைசிக் குளம் கடலுக்குக் கொடுக்கும். எங்கள் அப்பா காலத்தில் "மறுகால் போகுது" என்று சொன்னால் ஊரே கரைக்கு ஓடும், பார்க்கிறதுக்கு. சந்தோஷச் செய்தி அது. ஊர்ப்பெயரையே பாருங்கள்: நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி, சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை. மறுகால்தலையில் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டே இருக்கிறது. அவ்வளவு பழைய ஊர். தண்ணீர் மிஞ்சினால் எந்த வழியாகப் போகும் என்பதை ஊருக்குப் பெயராகவே வைத்திருக்கிறார்கள்.

நாம் வறண்ட மாவட்டத்துக்காரர்கள். பனை, உப்பளம், செம்மணல் மேடான தேரிக்காடு. இருபது வருஷம் தண்ணீர் ஓடாத மறுகால் ஓடை நம் கண்ணுக்குச் சும்மா கிடக்கிற நிலமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். முதலில் மாடு கட்டுவோம். அப்புறம் வைக்கோல் படப்பு போடுவோம். அதற்குள் உடைமரம் என்கிற முள்மரம் வளர்ந்து அடைத்திருக்கும். பிறகு ரோடு வரும். எங்கள் குளத்து மறுகாலில் ரோடு போட்டபோது அடியில் இரண்டு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். ஒரு ஆள் குனிந்து நுழைய முடியாத குழாய். பெரிதாக வையுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தேன். "சார், இந்தக் குளம் எப்போ சார் நிறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நானே அது நிறைந்து பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

17ஆம் தேதி ராத்திரி நிறைந்தது.

இதை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. எங்கள் ஊருக்குக் கீழே இருக்கிற கீழூர்க்காரர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ரோட்டுக்கு மேல் பக்கம் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, குழாய் இரண்டும் செத்தையில் அடைத்துக் கிடக்கின்றன. கரை உடைந்தால் எங்கள் மேலத்தெரு போய்விடும். இளவட்டங்கள் ஜேசிபி ஒன்றைக் கொண்டுவந்து ரோட்டை வெட்டினார்கள். வெட்டலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வெட்டுங்கடா என்று சொன்னவன் நான்தான். எங்கள் தெரு தப்பித்தது. தண்ணீர் பழைய ஓடையைத் தேடிப் போயிருக்கிறது, ஓடை இருந்த இடத்தில் கீழூரின் புதுக்காலனி இருந்தது. விடியும்போது அங்கே இடுப்பளவு. ஆடு, கோழி, ரேஷன் அரிசி, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் போயிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு ஆறுதல் இல்லை. உங்களுக்குச் சொல்லி அனுப்ப ஒரு ஆளைக்கூட நாங்கள் ஓடவிடவில்லை. அது தோன்றவே இல்லை.

எங்கள் ஊரில் சின்ன அளவில் நடந்தது மாவட்டம் முழுக்க நடந்திருக்கிறது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி பக்கம் என்ன பாடுபட்டது என்று அத்திமரப்பட்டிக்காரர்களைக் கேளுங்கள். ஏரலில் பாலம் நின்றது, பாலத்துக்குப் போகிற ரோடு அறுந்து போனது.

ரயில் கதை உங்களுக்குத் தெரியும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அன்று ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய், தண்டவாளம் துணிக்கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலை நிறுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 19ஆம் தேதி வரை அவர்களில் பலர் அங்கேதான். ஹெலிகாப்டரில் பொட்டலம் போட்டதை எல்லாரும் படம் எடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீடும் தண்ணீரில் இருக்கும்போது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை.

முடிக்கிறேன், நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. பெருவெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாமிக்கே எப்போது கிளம்ப வேண்டும், யார் தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. நம் இரண்டு ஊருக்கும் நடுவில் அப்படி ஒன்று கிடையாது.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் குளத்து மறுகாலில் நிற்பேன். அங்கிருந்து கீழூர்க் குளம் வரைக்கும் பழைய ஓடை எந்த வழியாகப் போனது என்று நடந்து பார்க்கப் போகிறோம். கீழூரில் பழைய நீர்ப்பாய்ச்சி, அதாவது மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டவர், ஒருவர் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார், அவரை ஆட்டோவில் கூட்டிவரப் பேசிவிட்டேன். அவருக்கு வழி தெரியும். மேலத்தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருவர், புதுக்காலனியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். உடைமுள் ஜாஸ்தி, செருப்பு போட்டு வாருங்கள், அரிவாள் இருந்தால் எடுத்து வாருங்கள். டீ என் செலவு. என்னைத் திட்ட வேண்டியவர்கள் நடந்துகொண்டே திட்டலாம், தூரம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.