கரையை வெட்டிய விவசாயிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கதேசத்தின் தென்மேற்கே, குல்னா, ஜெசோர் பக்கத்து ஆறுகள் நாளுக்கு நான்கு தடவை திசை மாறும். கடல் ஏறினால் தண்ணீர் வடக்கே போகும், வற்றினால் தெற்கே திரும்பும். ஒரு குவளை மொண்டு வைத்துப் பாருங்கள், சற்று நேரத்தில் அடியில் சேறு தங்கிவிடும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அதில் ஒரு பங்கை ஓதம், அதாவது இந்தக் கடலேற்றம், கழிகள் வழியே மறுபடி உள்ளே ஏற்றிவிடுகிறது.

ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்குமுன் தண்ணீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். வண்டல் படிவது அப்போதுதான். முன்பெல்லாம் அது ‘பீல்’ எனப்படும் தாழ்நிலங்களில் பரவிப் படிந்தது. அங்கிருந்து மொத்தமாக இறங்கும் வற்றுநீர் ஆற்றின் அடியை அரித்து ஆழமாக வைத்திருந்தது. சம்பளம் வாங்காத தூர்வாரி!

1960களில் உப்புநீரைத் தடுக்கச் சுற்றிலும் மண்கரை எழுப்பினார்கள். நெல் விளைந்தது, உண்மைதான். ஆனால் ஓதநீர் பரவ இடமில்லை. வற்றத்துக்கு வேகமும் இல்லை. வயலுக்குப் போகவேண்டிய வண்டல் ஆற்றிலேயே தங்கியது. படுகை மேடானது, வயல் பள்ளமானது. 1980களில் மழைநீர் வடிய வழியில்லாமல் ஊர்களே மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன.

1990-ல் பீல் டாகாத்தியாவிலும் 1997-ல் பீல் பாயனாவிலும் ஊர்மக்களே கரையை வெட்டினார்கள். பாயனாவில் ஓதம் உள்ளே புகுந்து வண்டலை விட்டுச் சென்றது. அதை ஒட்டிய ஹரி ஆறும் சில ஆண்டுகளில் ஆழமானது. அப்புறம்தான் அரசு பொறியாளர்கள் இதை ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். முதல் பெருமை வெட்டியவர்களுக்குத்தான் என்பேன்.

2009-ல் ஐலா புயல் வேறு இதையே காட்டியது. கரை உடைந்து ஓதம் புகுந்த தீவுகளில், வெளிநிலத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்த வயல்கள் இரண்டே ஆண்டில் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தன. வீடிழந்து கரைமேல் குடிசை போட்டவர்களுக்கு அது ஆறுதல் இல்லை.

சிக்கலும் உண்டு. வெட்டுவாய்க்கு அருகிலுள்ள வயல் சீக்கிரம் மேடாகிவிடும், கோடியில் இருப்பது பள்ளமாகவே கிடக்கும். மூன்று, நான்கு ஆண்டு விளைச்சலை விட்டுக்கொடுத்தவருக்கு நஷ்டஈடு ஒழுங்காகக் கிடைப்பதும் இல்லை. பீல் கபாலியாவில் இந்த வேலை ஊர் எதிர்ப்பால் நின்றே போனது. தண்ணீரின் கணக்கு அங்கே தெரியாமல் இல்லை. யார் வயலை முதலில் திறப்பது என்பதுதான் இன்னும் தீராத பேச்சு.

வணக்கம்.