நோயாளி அறைக்குத் தனிக் காற்று

நேயர்களுக்கு வணக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீடே அலுவலகம், வீடே பள்ளிக்கூடம் என்று ஆகிவிட்டது. மேசைக்கு ஒரு மூலை, கூடுதலாக இரண்டு பிளக் பாயிண்ட் என்று அதையெல்லாம் எப்படியோ சமாளித்தோம். சமாளிக்க முடியாமல் போனது, நோயாளியைத் தனி அறையில் வைப்பதுதான். அறை இருந்த வீடுகளில்கூட அந்த அறைக்கென்று காற்றோட்டம் இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காற்று 1,000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். மணிக்கு ஆறு தடவை அது மாற வேண்டுமானால் 170 கன மீட்டர் காற்று வெளியே போக வேண்டும். ஜன்னல் அதைச் செய்யாதா? வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. இந்த அறைக்கு அது 17 சதுர அடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் கணக்கில் 16 அடி காட்டும். தள்ளினால் திறப்பது பாதிதான். அந்த எட்டு அடியிலும் கொசுவலை, வலையில் தூசி. போதாததற்கு, காற்று ஊடுருவ எதிர்ப்பக்கத்தில் இருப்பது கதவு. நோயாளிக்காக அதைத்தான் மூடியிருக்கிறோம்.

அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. கதவுக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில் வையுங்கள். கட்டிலும் அந்தப் பக்கமே இருக்கட்டும். வாங்கும்போது பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டராவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தடையில்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு. வலையும் ஷட்டரும் வந்தால் குறைந்துவிடும். ஷட்டர் தகடுகளில் பிசுக்கு ஏறினால் ஃபேன் சுற்றும், தகடு திறக்காது.

வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளேயும் காற்று வர வேண்டும். கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளி விடுங்கள். பல்லி வரக்கூடாது என்று ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஃபேனைப் போட்டு, கதவுக்கு வெளியே ஒரு ஊதுபத்தியைத் தரையோடு பிடித்துப் பாருங்கள். புகை வளைந்து அறைக்குள் போக வேண்டும். கூடத்துப் பக்கம் திரும்பினால் சமையலறையைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சிம்னி ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் மூடியிருக்கும். அது நோயாளியின் காற்றை வீட்டுக்குள் இழுக்கிறது. சிம்னியைப் போடுமுன் சமையலறை ஜன்னலைத் திறந்தாலே போதும். ஸ்ப்ளிட் ஏசியை நம்பாதீர்கள்; இருக்கிற காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது.

அடுத்தது கழிப்பறை. இதை நம் ஊரில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் ஹாங்காங் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 2003 மார்ச்சில் சார்ஸ் பரவியபோது 300 பேருக்கு மேல் நோய் கண்டது. அங்கே குளியலறைத் தரையின் வடிகால் ட்ராப்புகளில், அதாவது தண்ணீர் தேங்கி நின்று கழிவுக்காற்றைத் தடுக்கும் பகுதியில், தண்ணீர் வற்றியிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் இழுக்கப்பட்டு, குளியலறை ஜன்னல்கள் திறக்கும் காற்றுக் கூண்டு வழியாக மற்ற மாடிகளுக்கும் ஏறியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நம் அடுக்குமாடிகளிலும் அதே கூண்டு இருக்கிறது, அதே ட்ராப்பும் இருக்கிறது.

நம் குளியலறைத் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பின் ஜாலியைத் தூக்கினால் உள்ளே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி இருக்கும். அதன் விளிம்பு தண்ணீரில் முங்கி நின்றால்தான் கழிவுக்காற்று மேலே வராது. முடி அடைக்கிறது, தண்ணீர் போகவில்லை என்று பல வீடுகளில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அதன்பின் அங்கே வெறும் ஓட்டைதான். கழற்றியிருந்தால் பிளம்பரிடம் சொல்லி அதே அளவு மூடியை வாங்கிப் போடுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவினால் அடைக்காது. புழங்காத குளியலறையில் வாரம் அரை வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டு நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், ஊற்றிய தண்ணீர்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயை விடுங்கள். சீக்கிரம் வற்றாது.

வணக்கம்.