பெஞ்சு வண்டி வந்த வீடு

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், நாற்காலி நிறைய இருக்கிறது. இன்றைக்கு நான் பேசப் போவதும் கிட்டத்தட்ட அதைப் பற்றித்தான். ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர் உட்கார முடியும் என்பதைப் பற்றி.

அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் இருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குதிரை வண்டி. மீசையை மழித்துத் தாடி மட்டும் விட்ட ஒருவர் கடிவாளத்தைப் பிடித்திருப்பார், பின்னால் ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடிக்கும். சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் எடுக்கும் படம் அது. அவர்கள் படம் எடுக்காத இன்னொரு வண்டி இருக்கிறது. நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் என்று ஒரு மாவட்டம். அங்கே ஏதோ ஒரு பண்ணை வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், சாம்பல் நிறத்தில் நீளமான பெட்டி வண்டி ஒன்று வந்து நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளே முதுகு சாய இடமில்லாத மரப் பெஞ்சுகள் அடுக்கியிருக்கும். கூடவே பாட்டுப் புத்தகங்கள், தட்டுகள், குவளைகள். அந்தச் சபையின் கோயில் சொத்து என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. கோபுரமும் இல்லை, மணியும் இல்லை, உண்டியலைக் காக்கப் பூட்டும் இல்லை. பெஞ்சுகள் வீடு வீடாகப் போகும், வழிபாடும் கூடவே போகும்.

வழிபாடு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு சபையில் 20 முதல் 40 குடும்பங்கள் வரை இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை முறை வரும். தன் வீட்டு முறை வருகிறது என்றால் கல்யாண வீடு மாதிரிதான். சுவர் கழுவுவார்கள், ஜன்னல் துடைப்பார்கள், அறைகளுக்கு நடுவே இருக்கும் தடுப்புக் கதவுகளைத் திறந்து கூடத்தை விரிப்பார்கள். இடம் போதாவிட்டால் களஞ்சியம், இல்லையென்றால் பட்டறை. குடும்பங்கள் பெருகி வீட்டுக்குள் உட்கார இடமில்லை என்று வந்தால் இன்னும் பெரிய கூடம் கட்ட யோசிப்பதில்லை. ஓடையோ சாலையோ பார்த்து ஒரு கோடு கிழித்துச் சபையை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1525 ஜனவரியில் சூரிச் நகரில், பெலிக்ஸ் மான்ஸ் என்பவரின் தாயார் வீட்டில் சிலர் ரகசியமாகக் கூடினார்கள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள், அறிவு வந்த பிறகு அவனே கேட்டு வாங்கட்டும் என்பது அவர்கள் கட்சி. ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கேட்டால் இதற்கு என்ன சண்டை என்று தோன்றும். அன்றைக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் குடிமக்கள் பதிவேடு மாதிரி. அரசும் திருச்சபையும் ஒரே துணியில் நெய்தவை, ஒரு நூலை உருவினால் மற்றதும் வரும். இரண்டு வருடத்துக்குள், 1527 ஜனவரியில், மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறு ஞானஸ்நானம் கேட்டவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. அதன் பிறகு இந்தக் கூட்டத்தார் காட்டிலும் குகையிலும் வீட்டின் பின்கட்டிலும்தான் கூட முடிந்தது. பயத்தில் தொடங்கிய பழக்கம், பயம் போன பிறகும் அவர்களோடு தங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தின் ஒரு கிளைதான் மெனனைட்டுகள். அவர்களிலிருந்து 1693இல் பிரிந்தவர்கள் ஆமிஷ். பிரித்தவர் யாக்கோப் அம்மான், ஆமிஷ் என்ற பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. எதற்காகப் பிரிந்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஒரு சாப்பாட்டு மேசைத் தகராறு.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டு தொடங்குகிறது. வாத்தியம் கிடையாது. அவர்கள் பாட்டுப் புத்தகத்தின் பெயர் ஆஸ்புண்ட். அதன் மூலப் பாடல்கள் 1535 முதல் 1540 வரை ஜெர்மனியின் பஸாவ் கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்த இதே கூட்டத்தார் எழுதியவை. புத்தகத்தில் வரிகள் மட்டும்தான் இருக்கும், ராகக் குறிப்பு கிடையாது. மெட்டெல்லாம் காது வழியாகவே வந்தது. ஒவ்வொரு வழிபாட்டிலும் இரண்டாவதாக வருவது லோப்லீட் என்ற துதிப் பாடல். நான்கே சரணம், அதைப் பாடி முடிக்க 20 நிமிடம் போல ஆகும். ஒருவர் முதல் அசையை எடுத்து இழுப்பார், எல்லோரும் அதற்குள் இறங்குவார்கள். அவசரக்காரனுக்கு அந்த இடத்தில் வேலையில்லை.

பிரசங்கம் செய்கிறவருக்குச் சம்பளம் இல்லை, படிப்பும் இல்லை, கையில் குறிப்பும் இருக்காது. முந்தின நாள் வரை மாடு கறந்தவர்தான், நாளைக்கும் கறப்பார். அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நான் படித்தவற்றிலேயே மறக்க முடியாத காட்சி. சபையார் ஒவ்வொருவராக, பெண்களும் உண்டு, ஒரு கதவருகே போய்த் தங்கள் மனதில் இருக்கும் பெயரைக் காதோடு சொல்வார்கள். பெயர் நிற்கக்கூடியது ஆண்கள் மட்டும். சில குரல்களாவது விழுந்த ஆண்களைக் கணக்கெடுத்து, அத்தனை பாட்டுப் புத்தகங்களை மேசையில் வரிசையாக வைப்பார்கள். ஒன்றில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. எல்லாப் புத்தகமும் கட்டியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆளுக்கு ஒன்றை எடுக்க, பிஷப் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வருவார். “சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்” என்ற நீதிமொழிதான் ஆதாரம். சீட்டு விழுந்தவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. அவர் மனைவி அழுவாள், அவரே அழுவார். ஆயுள் முழுக்கக் கூலியில்லாத சுமை. முடியாது என்று சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் ஞானஸ்நானம் எடுத்த அன்றே, சீட்டு விழுந்தால் ஏற்பேன் என்று ஒவ்வொரு ஆணும் வாக்குக் கொடுத்திருப்பான். பதவிக்கு ஆசைப்படுகிறவனை எப்படித் தடுப்பது என்று நாம் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். இவர்கள் பதவியைக் கண்டால் ஆளுக்கு வயிறு கலங்கும்படி செய்துவைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்தக் குதிரை வண்டிக்கு வருவோம். குதிரை மணிக்கு 12, 15 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் ஒருவன் தன் சபையை விட்டு எவ்வளவு தூரம் போய்க் குடியேற முடியும்? அதுதான் விஷயம். கார் ஏறினால் பாவம் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கும் தூரத்துக் கல்யாணத்துக்கும் வாடகைக்குக் கார் வைத்துக்கொண்டு போகிறார்கள். தன் வாசலில் சொந்தமாக நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். நின்றால் பெஞ்சு வண்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, இவன் வேறு எங்காவது போயிருப்பான்.

டெலிபோனும் அப்படியே. 1910 வாக்கில் லான்காஸ்டரில் அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று முடிவானது. ஒரே கம்பியில் பல வீடுகள் சேர்ந்திருந்த காலம். இரண்டு பேர் மூன்றாமவரைப் பற்றி அதில் பேசியது வெளியே வந்து தகராறானது என்று கதை சொல்கிறார்கள். ஆனால் டெலிபோன் முழுக்கப் போய்விடவில்லை. வயல் பாதை முனையில் சின்னக் கொட்டகை ஒன்று போட்டு, நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக அதை வைத்தார்கள். வேண்டுமானால் நடந்து போய்ப் பேசு, அது மணியடித்து உன்னைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பக் கூடாது. மின்சாரமும் ஊர்க் கம்பியிலிருந்து வரக் கூடாது. டீசல் இன்ஜின், பேட்டரி, காற்றழுத்தத்தில் ஓடும் மர அறுவை இயந்திரம், கேஸில் ஓடும் குளிர்பதனப் பெட்டி, இவையெல்லாம் பல சபைகளில் உண்டு. இது என்ன போலித்தனம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு, நானும் முதலில் சிரித்தேன். ஆனால் கம்பி வீட்டுக்குள் வந்தால் கூடவே வெளியுலகமும் வரும் என்று 1920 வாக்கிலேயே தயங்கியவர்களைப் பார்த்து, பாக்கெட்டில் இரண்டு போன் வைத்திருக்கும் நான் எந்த முகத்தோடு சிரிப்பது?

இந்த விதிகளுக்கு ஓர்ட்னுங் என்று பெயர். எழுதி வைப்பது குறைவு, சபைக்குச் சபை மாறும். ஓரிடத்தில் வண்டிக் கூரை சாம்பல், ஒகையோவில் கறுப்பு, ஒரு பள்ளத்தாக்கில் மூன்று பிரிவுக்கு வெள்ளை, மஞ்சள், கறுப்பு. வருடத்துக்கு இரண்டு முறை, இயேசுவின் நினைவாக ரொட்டியும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன்னால், சபை கூடி இதைப் பேசும். மனத்தாங்கல் தீரவில்லை என்றால் திருவிருந்தே தள்ளிப்போகும். திருவிருந்தன்று இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். வேலித் தகராறு உள்ளவனின் காலை எப்படிக் கழுவுவது, அதனால் தகராறு அதற்கு முன்னால் தீர்ந்தாக வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எடுப்பதையும் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். களஞ்சியம் எரிந்தால் நூறு பேர் வந்து எழுப்புவார்கள், அது உங்களுக்குத் தெரிந்த காட்சி. முதியோருக்கான அரசு ஓய்வூதிய வரியையும் கட்ட மறுத்தார்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை என்றார்கள். 1961இல் வரித்துறை பென்சில்வேனியாவில் ஒரு விவசாயியின் மூன்று குதிரைகளை, அவர் உழுதுகொண்டிருந்தபோதே பிடித்துப் போனது. உழவுக் குதிரையை ஜப்தி செய்த செய்தியைப் படித்து நாடே முகம் சுளித்தது. 1965இல் விலக்குக் கிடைத்தது.

பள்ளிக்கூட விஷயத்தில்தான் எனக்கு இடறுகிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்துகிறார்கள். விஸ்கான்சினில் மூன்று தகப்பன்மாருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் ஆமிஷ் பக்கம் தீர்ப்பானது. டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: தகப்பன் சொன்னதைக் கேட்டோம், பிள்ளையைக் கேட்டோமா? பிள்ளை பியானோ வாசிக்க, விண்வெளிக்குப் போக ஆசைப்பட்டால்? அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் தங்குகிறார்கள். பதினாறு வயதில் ரும்ஷ்பிரிங்கா என்ற ஓடியாடும் பருவம் வருகிறது. சிலர் கார்கூட வாங்கிப் பார்ப்பார்கள், பெரும்பாலோர் ஞாயிறு மாலை பாட்டுக் கூட்டத்துக்குப் போவதோடு சரி. பிறகு நூற்றுக்கு 85 பேர் போலத் திரும்பி வந்து ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். 1900இல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இப்போது ஏறக்குறைய 4 லட்சம். ஐரோப்பாவிலோ ஒருவர்கூட மிச்சமில்லை. அங்கிருந்த கடைசிச் சபை 1937இல் மெனனைட்டுகளோடு கலந்துவிட்டது.

2006 அக்டோபர் 2, நமக்குக் காந்தி ஜெயந்தி. அன்று லான்காஸ்டரில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஓரறைப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அவன் ஆமிஷ் இல்லை, அந்த வட்டாரத்தில் பால் வண்டி ஓட்டியவன். அன்றைக்கு இரவுக்குள் ஆமிஷ் பெரியவர்கள் சிலர் அவன் மனைவியையும் பெற்றோரையும் தேடிப்போய், உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்றார்கள். அவனை அடக்கம் செய்தபோதும் போய் நின்றார்கள். பத்தாவது நாள் பள்ளியை இடித்துப் புல் வளரவிட்டார்கள். உலகப் பத்திரிகைகள் நெகிழ்ந்துபோய் எழுதின. நெகிழ்வதில் தவறில்லை. ஆனால் இதே மன்னிப்பு வீட்டுக்குள் திரும்பும்போது வேறு முகம் காட்டுகிறது. பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் சொந்தக்காரரால் கொடுமை நேர்ந்து, குற்றவாளி சபையில் மண்டியிட்டு ஒப்புக்கொண்டதும் விஷயம் முடிந்ததாகப் பேசி, போலீசுக்குப் போகாமல் தடுத்த சம்பவங்கள் நீதிமன்றம் வரை வந்திருக்கின்றன. எல்லோரும் ஒரே கூடத்துக்குள் உட்கார்ந்தாக வேண்டும் என்றால், எழுந்து நின்று குறை சொல்கிறவளுக்கு இடம் எங்கே?

அந்த மேசைத் தகராறு பாக்கியிருக்கிறது. சபையிலிருந்து விலக்கப்பட்டவனோடு எந்த அளவு விலகியிருக்க வேண்டும்? திருவிருந்தில் சேர்க்காவிட்டால் போதும் என்றார் ஹான்ஸ் ரைஸ்ட் என்ற சுவிட்சர்லாந்து மூப்பர். வீட்டுச் சாப்பாட்டிலும் சேர்க்கக் கூடாது, அப்படிப்பட்டவனோடு உண்ணவும் வேண்டாம் என்று பைபிளில் பவுலே எழுதியிருக்கிறார் என்றார் அம்மான். பிரிந்தார்கள். 1700இல் அம்மானும் அவரைச் சேர்ந்தவர்களும் அவசரப்பட்டுவிட்டோம் என்று தங்களைத் தாங்களே விலக்கி வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். எதிர்த்தரப்பு இறங்கி வரவில்லை.

விலக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். வாக்குக் கொடுக்காமலே போனவனுக்கு இது இல்லை. கொடுத்துவிட்டுப் போனவன் கையிலிருந்து எதையும் நேராக வாங்க மாட்டார்கள். அவன் மேசையில் வைப்பான், இவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவன் அம்மா வீட்டுக்கு வரலாம், பேசலாம், உதவி கேட்டால் செய்வார்கள். சாப்பாடு மட்டும் தனி.

வழிபாடு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பெஞ்சுகளையே சட்டங்களில் பொருத்தி, இரண்டு மூன்றாகச் சேர்த்து, சாப்பாட்டு மேசை ஆக்குவார்கள். ரொட்டி, நிலக்கடலை வெண்ணெயில் பாகு கலந்த தடவல், ஊறுகாய், பீட்ரூட், காபி. மேசை அப்படிப் பொது. வீட்டுக்குள் விலக்கப்பட்ட மகன் வந்திருக்கும் நாளில் என்ன செய்வது? சில அம்மாக்கள் இரண்டு மேசைகளைச் சில அங்குலம் இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். விதி சொன்னபடி அவன் மேசை வேறு, இவர்கள் மேசை வேறு. அப்புறம் இரண்டுக்கும் மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுகிறார்கள்.