சோட்டோ போனார், ஓட்டை அடைபட்டது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சோட்டோ ரசிகர் மன்றத்தாரே, அவையோரே, வணக்கம்.

"ஹுவான் சோட்டோவை இழந்த நியூயார்க் யாங்கீஸ் பலம் கூடியதா, குறைந்ததா?" என்பது இந்தப் பேஸ்பால் பட்டிமன்றத்தின் தலைப்பு. கூடியது என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசியவர் 2024ல் யாங்கீஸுக்காக சோட்டோ அடித்த 41 ஹோம் ரன்களையும் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) நடித்துக் காட்டாத குறைதான். கிளீவ்லாந்தில் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த அடிதான் 2009க்குப் பிறகு முதல் முறையாக யாங்கீஸை இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோனது என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். அங்கே போய் எப்படித் தோற்றார்கள் என்பதை மட்டும் நைசாகத் தாண்டிவிட்டார்.

2024 அக்டோபர் 30. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுடன் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் 5-0 என்று முன்னிலை. நாலு இன்னிங்ஸ் வரை நம் பிட்சர் (பந்து எறிபவர்) கெரிட் கோல் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஐந்தாவதில் என்ன நடந்தது? மைதானத்தின் பின்பகுதி நடுவில், அதாவது சென்டர் ஃபீல்டில், ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டார். ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு இடையில் நிற்பவர்) நின்ற வோல்பி மூன்றாவது பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய மூலைக்கு) எறிந்த பந்து தரையில் குத்திப் போனது. பிறகு டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் தட்டிய சாதாரணப் பந்து முதல் பேஸ் பக்கம் உருண்டது. முதல் பேஸில் நின்ற ரிஸோ பிடித்துவிட்டார். பிட்சர் ஓடிவந்து பேஸை மிதித்தால் இன்னிங்ஸ் முடிந்தது. கோல் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டினார்! டாட்ஜர்ஸுக்கு ஐந்து ரன். ஆட்டம் 7-6 என்று போனது, கோப்பையும் போனது.

நடுவர் அவர்களே, இதில் பேட்டின் குறை எங்கே? ஃபீல்டிங்கில் விழுந்த ஓட்டையை இன்னொரு பேட்டரை வைத்து அடைக்க முடியுமா?

அதே ஊர் அணியான மெட்ஸ் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்து சோட்டோவைக் கூட்டிப்போன பிறகு யாங்கீஸ் யாரை எடுத்தார்கள் என்று பாருங்கள். மேக்ஸ் ஃப்ரீட், 8 ஆண்டு, 21.8 கோடி. இடது கைப் பிட்சர், அதோடு சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருதை அதற்குள் மூன்று முறை வாங்கியவர். முதல் பேஸுக்கு ஓடச் சொல்லி அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ரிஸோ இருந்த இடத்துக்கு கோல்ட்ஷ்மிட், ஒரே ஆண்டு, 1.25 கோடி. அவரிடம் நான்கு கோல்டு கிளவ். அப்புறம் சிகாகோ கப்ஸ் அணியிடமிருந்து அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் பின்பகுதியில் நிற்பவர்) பெலிஞ்சர். என் கணக்கில் இதுதான் சாமர்த்தியமான வேலை. சோட்டோ ரைட் ஃபீல்டில் (பின்பகுதியின் வலப்பக்கம்) நின்றதால்தானே ஜட்ஜ் சென்டருக்குத் தள்ளப்பட்டார்? சோட்டோ போனார், பெலிஞ்சர் வந்தார், ஜட்ஜ் தன் பழைய ரைட் ஃபீல்டுக்குத் திரும்பினார்.

எல்லாமே சரியாக அமைந்ததா என்றால் இல்லை. புதிதாக வந்த பிட்சர் டெவின் வில்லியம்ஸ் சொதப்பினார். கடைசி இன்னிங்ஸைக் காப்பாற்றும் க்ளோசராக வந்தவரைப் பார்த்து சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் "வீவரைக் கொண்டு வா" என்று அணியின் இன்னொரு பிட்சரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். யாங்கீஸ் தங்கள் வீரர்களுக்கு அரை நூற்றாண்டாக வைத்திருந்த தாடித் தடையைக்கூட, தாடிக்காரரான அவர் வந்த பிறகு 2025 பிப்ரவரியில்தான் தளர்த்தினார்கள். தாடி தங்கியது, க்ளோசர் இடம் தங்கவில்லை. மூன்றாவது பேஸுக்கும் நிலையான ஆள் இல்லாமல் ஜூலையில் மெக்மஹனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. எதிரணியினர் இதைப் பிடித்திருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். அவர்கள் 41 ஹோம் ரன்னை விட்டு நகரவே இல்லை.

2025 மார்ச்சில் கோலுக்கு முழங்கையில் டாமி ஜான் எனப்படும் தசைநார்ச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை. சீசன் முழுக்க அவர் இல்லை. அந்த இடத்தில் நின்று 19 வெற்றி எடுத்தவர் ஃப்ரீட். பெரிய லீக் முழுவதிலும் அந்த ஆண்டு அதைவிட அதிகம் வென்ற பிட்சர் கிடையாது. சோட்டோவுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு ஃப்ரீடையும் எடுத்திருப்பார்கள் என்று எதிரணியினர் நம்பினால், அந்தக் கருவூலத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லட்டும்.

பேட்டிங் படுத்துவிடும் என்றார்களே? 2024ல் யாங்கீஸ் அணி மொத்தமாக 237 ஹோம் ரன். 2025ல், சோட்டோ இல்லாமல், 274. அந்த ஆண்டு எந்த அணியும் அதைத் தொடவில்லை. பெலிஞ்சர் மட்டும் 29. சோட்டோவோடு 94 வெற்றி; சோட்டோவும் இல்லை, கோலும் இல்லை, அப்போதும் 94.

சோட்டோ மெட்ஸில் 43 ஹோம் ரன் அடித்தார், 38 பேஸ் திருடினார் (பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). அருமையான சீசன், சந்தேகமே இல்லை. மெட்ஸ் என்ன ஆனது? 83 வெற்றியோடு பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்கு) வெளியே நின்றது.

"2025 பிளேஆஃபில் டொரன்டோவிடம் தோற்றீர்களே, உங்கள் ஃப்ரீட் இரண்டாவது ஆட்டத்தில் ஏழு ரன் கொடுத்தாரே" என்று அடுத்து பேசுபவர் கேட்பார், தெரியும். கேட்கட்டும். ஆனால் அதே ஃப்ரீட் சீசன் முழுக்கச் சுமக்காவிட்டால் அந்த அக்டோபர் ஆட்டம் வரைக்கும் வந்திருப்பார்களா என்பதற்கும் சேர்த்தே பதில் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.