ஆற்றைப் பற்றிய எண்ணை யார் எண்ணினார்கள்?

வணக்கம் நேயர்களே. நம் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், உம்கேனி ஆற்றைப் பற்றி வாட்ஸ்அப்பில் எண்கள் வந்து குவியும்: இத்தனை மில்லிமீட்டர், இத்தனை பேர், இத்தனை கிருமி. எந்த எண் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். யார் எண்ணினார்கள், எங்கே நின்று, எப்போது?

1917 அக்டோபர் வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம்மவர்களின் குடிசைகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. மாரிமுத்து படவட்டானும் கூட்டாளிகளும், கரைவலை போடும் மீனவர்கள், ஆறே பேர், தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காப்பாற்றப்பட்டவர்களுக்கு இவ்வளவு திட்டமான எண் இருக்கிறது, மாண்டவர்களுக்கோ பல நூறு பேர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன்? படகில் ஏறியவரை எண்ணலாம், பெயர் கேட்கலாம். குடிசையோடு போனவருக்குச் சாட்சி சொல்ல வேண்டிய குடும்பமும் சேர்ந்தே போயிருக்கும். அதனால் வாய்வழிச் சேதி என்று எதையும் ஒதுக்காதீர்கள், அச்சில் வந்தது என்று அப்படியே விழுங்கவும் வேண்டாம். சொன்னவர் தோட்டத்தில் நின்றாரா, பாலத்தில் நின்றாரா, நகரமன்ற அறையில் உட்கார்ந்திருந்தாரா, அதைக் கேளுங்கள்.

சரி, 2022 ஏப்ரலுக்கு வருவோம். அந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அடுத்த மாதமே, வானிலைப் பேரிடர்களில் புவி சூடாவதன் பங்கை அளக்கும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற அறிவியலாளர் குழுவின் ஆய்வு வந்தது: இப்படிப்பட்ட மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒரு முறை, புவி சூடானபின் 20 ஆண்டுக்கு ஒரு முறை. அப்படியானால் 2042 வரை பயமில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இல்லை ஐயா. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு, அடுத்த ஆண்டும் அதே ஐந்து. திரும்பவும் சொல்கிறேன், அடுத்த ஆண்டும் அதே ஐந்து. அந்த எண்கள் பேசுவது மழையை மட்டும்தான். உங்கள் தெருவில் தண்ணீர் ஏறுமா என்பது வடிகாலையும் ஆற்றங்கரையில் எவ்வளவு கட்டியிருக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

அப்புறம் மாசு. குளிக்கும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 130 ஈ.கோலை, அதாவது மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி, வரைதான் இருக்கலாம் என்பது இந்த நாட்டின் 1996 வழிகாட்டி. ஆனால் மாதிரியை எங்கே எடுத்தார்கள்? டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்துச் சதுப்பில் பிறக்கும் இந்த ஆறு மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகில், இனாண்டா என்று நான்கு அணைகளைத் தாண்டி வருகிறது. அணையில் வண்டல் படியும், கிருமி சாகும். கீழே நகரத்துச் சாக்கடை மறுபடி சேரும். இனாண்டாவுக்கு மேலே பீட்டர்மாரிட்ஸ்பர்க் கழிவைச் சுமந்து டூசி ஆறு வந்து கலக்கிறது, படகுப் பந்தயத்துக்குப் போன பிள்ளைகளின் வயிற்றைக் கேட்டால் தெரியும். ஜூலையில், வறண்ட வாரத்தில் எடுத்த மாதிரி, ஜனவரி மழைக்கு மறுநாளைப் பற்றி எதுவும் சொல்லாது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆய்வுக்குப் பணம் யார் கொடுத்தது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஓர் ஆலை பணம் கொடுத்திருந்தால், தண்ணீர் எடுத்த இடம் அந்த ஆலைக்கு மேலேயா கீழேயா என்று வரைபடத்தில் பாருங்கள். வணக்கம்.