வீதி அல்ல, விதியே!

நடுவர் அவர்களே, திருவிழாப் பந்தலில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

'கால்பந்தை வளர்த்தது வீதியா, விதியா?' இதுதான் இன்றைய தலைப்பு. விதி என்றால் தலைவிதி இல்லை, ஆட்ட விதி. வீதிக்காகப் பேசிய எதிரணி அண்ணன், பீலே சின்ன வயதில் காலுறைக்குள் காகிதத்தைத் திணித்து உதைத்தார், கல்கத்தாவின் மோகன் பகான் அணி வெறுங்காலோடு வென்றது, விதியெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கட்டும்.

நானும் வீதியில் ஆடியவன்தான் அண்ணே. காரைக்குடிப் பக்கம் வற்றிய ஊருணி, கோல் கம்பத்துக்கு இரண்டு செங்கல். பந்து செங்கலுக்கு மேலே பறந்தால் கோலா, இல்லையா? அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பந்துக்குச் சொந்தக்காரன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அதோடு ஆட்டம் சரி.

முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்திலேயே இந்தச் சண்டை வந்தது. 1930, மான்டெவிடியோ. யார் பந்தில் ஆடுவது என்று உருகுவேயும் அர்ஜென்டினாவும் மல்லுக்கு நின்றன. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து. 2-1 என்று அவர்கள் முன்னிலை. மறுபாதி உருகுவேயின் பந்து. முடிவு 4-2, கோப்பை உருகுவேக்கு. சிரிக்காதீர்கள் ஆச்சி, நிஜம்!

வீதியிலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1314-லேயே லண்டனில் பந்தாட்டக் கூச்சல் தாங்காமல் மேயர் தடை போட்டார். பிற்காலத்தில் பள்ளிக்குப் பள்ளி ஒரு விதி; ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், இன்னோரிடத்தில் கூடாது. அப்புறம் எங்கே சேர்ந்து ஆடுவது? 1863 அக்டோபர் 26 அன்று லண்டனில் ஒரு விடுதியில் கிளப்காரர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். டிசம்பருக்குள் 13 விதிகள். எதிராளியின் காலை உதைக்கக் கூடாது என்றதும், ஆட்டத்தில் வீரமே போய்விடும் என்று பிளாக்ஹீத் கிளப் கோபித்துக்கொண்டு வெளியேறியது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊரில், எழுதிவைப்பதன் அருமையை நான் சொல்ல வேண்டுமா?

விதி ஆட்டத்தைக் கட்டிப்போடும் என்கிறார் அண்ணன். செட்டிநாட்டில் நின்று பேசுகிறோம், கணக்கைப் பார்த்துவிடுவோம். பந்தை வாங்க ரொம்ப முன்னால் போய் நிற்பதுதான் ஆஃப்சைடு என்ற தப்பு. அது ஆகாமல் இருக்க, முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் வேண்டும் என்று இருந்தது. 1925-ல் இரண்டு பேர் போதும் என்றார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 1,703.

1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டத்துக்கு 115 கோல்தான். தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைப் பின்னால் தட்டுவார், கோல்கீப்பர் கையில் எடுத்து அணைத்துக்கொள்வார், பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். 1992-ல் அதற்குத் தடை. 1994-ல் அதே 52 ஆட்டம், 141 கோல்.

சரி, மோகன் பகானுக்கு வருகிறேன். 1911, கல்கத்தா, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டம். பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். எதிரே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களின் கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளம். நம்மவர்கள் 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த 1863-ன் பதிமூன்றாவது விதி என்ன தெரியுமா அண்ணே? பூட்ஸ் அடியில் துருத்திய ஆணியோ இரும்புத் தகடோ இருக்கக் கூடாது.