படிக்காமல் அழுத்தும் ‘யெஸ்’

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி உங்களைச் சிரிக்கச் சிரிக்க வைத்துவிட்டு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்ட புலவர் ஐயா அவர்களே, போட்டித் தேர்வுக்குப் படிப்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தார்கள். அதற்கு அம்மையார் அவர்களுக்குத் தனி நன்றி. சிறுவர் பிரிவுக்குக் கணினிகள் வாங்கித் தந்த நகர்மன்ற உறுப்பினர் அவர்களுக்கும் இந்த மேடையில் நன்றி சொல்லியாக வேண்டும். அந்தக் கணினிகளைப் பற்றி அவரிடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

வீட்டுக் கணினியை வைரஸிடமிருந்து காப்பது எப்படி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. ஐந்து செய்திகள் சொல்வதாக இருக்கிறேன். கிராக் மென்பொருள் (காசு கொடுத்து வாங்க வேண்டியதைப் பூட்டு உடைத்து ஓசியில் தருவது), பென் டிரைவ், அப்டேட், மின்னஞ்சலில் வரும் இணைப்பு, கடவுச்சொல். ஐந்துக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் வைத்திருக்கிறேன்: கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். என்ன செய்ய, கணினி பழுது பார்க்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லாரும் கண்கெட்ட பிறகுதான் வருகிறார்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 1986-ல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற அண்ணன் தம்பி இருவர் ‘பிரெயின்’ என்றொரு வைரஸை எழுதினார்கள். அந்தக் காலத்துப் பென் டிரைவான பிளாப்பி வட்டு வழியாகப் பரவியது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் அதுதான் என்பார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளை ஆளாளுக்குக் காப்பி எடுத்ததில் அவர்களுக்குக் கோபம். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி, ‘தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும்’ என்றும் போட்டார்கள். விசிட்டிங் கார்டோடு வந்த வைரஸ்! எங்கெங்கிருந்தோ போன் வந்ததாம். அந்த நாணயமெல்லாம் இன்றைக்குக் கிடையாது. இன்று வருகிறவன் முகவரி தருவதில்லை, பணம் கட்டும் வழியை மட்டும் தருகிறான்.

சரி, முதல் செய்திக்கு வருகிறேன். கிராக்.

பக்கத்து ஊரில் எனக்குத் தெரிந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல கலைஞர். முகூர்த்த சீசனில் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, காசு கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறார். பையன் கெட்டிக்காரன். ஒரு வீடியோவைப் பார்த்து, அதன் அடியில் இருந்த சுட்டியைத் தட்டி, ஒரு ஜிப் கோப்பை இறக்கிவிட்டான். கோப்புக்குக் கடவுச்சொல் 1234. ஏன் பூட்டிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? பூட்டிய கோப்புக்குள் ஆன்ட்டி வைரஸ் எட்டிப்பார்க்க முடியாது. உள்ளே ஒரு குறிப்பு: ‘நிறுவும் முன் ஆன்ட்டி வைரஸை அணைத்துவிடவும்.’ அணைத்துவிட்டான்! வாசலில் ஒருவன் வந்து, ‘நாயைக் கட்டிப் போடுங்கள், அப்போதுதான் உள்ளே வருவேன், எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது’ என்றால் கட்டிப் போடுவோமா?

நிறுவியதும் திரையில் ‘விண்டோஸ் அப்டேட் நடக்கிறது’ என்று ஒரு பெட்டி. பையன் டீ குடிக்கப் போய்விட்டான். அது அப்டேட்டே இல்லை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டிக்கொண்டிருந்தது ஒரு தீநிரல். ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜேவியு’ என்றும் பெயர். 2018-ன் பிற்பகுதியிலிருந்து கிராக் தேடுகிறவர்களைக் குறிவைத்துப் பரவியது. பையன் திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கோப்பின் பெயரிலும் நாலெழுத்து வால் முளைத்திருக்கிறது. எந்தப் படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: சாவி வேண்டுமென்றால் 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி, 490 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரி!

‘பேக்கப் இருக்கிறதா?’ என்று கேட்டேன். ‘இருக்கிறது சார், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில்’ என்றார். அது எங்கே என்றேன். கணினியிலேயே செருகியிருந்தது, வாங்கின நாளிலிருந்து கழற்றியதே இல்லையாம். அதையும் பூட்டிவிட்டது. கண்கெட்ட பிறகு... நீங்களே சொல்லுங்கள்.

அதில் இரண்டு கல்யாணம். ஒன்றுக்கு கேமரா மெமரி கார்டை இன்னும் அழிக்கவில்லை, பிழைத்தது. இன்னொன்று போய்விட்டது. இந்தத் தீநிரல் அவசரக்காரன். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவுக்குத்தான் பூட்டும். அதனால் பெரிய வீடியோக்களில் சிலவற்றை, அதே கேமராவில் எடுத்த வேறொரு வீடியோவை மாதிரியாக வைத்துத் தேற்றினோம். புகைப்படங்கள் பெரும்பாலும் தேறவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா கடைக்கு வந்து சத்தம் போட்டார். தாலி கட்டும் படம் இல்லாமல் என்னய்யா ஆல்பம்?

கடைசியில் வாட்ஸ்அப்பில் சொல்லி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போனில் எடுத்த படங்களை எல்லாம் வாங்கினோம். நிறையவே வந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். தாலி கட்டும் நேரம், மேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது, எந்தப் படத்திலும் மணமக்கள் இல்லை. எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு முதுகு. யார் முதுகு? நம் ஸ்டுடியோக்காரர் முதுகு! யாரையும் பார்க்க விடாமல் மேடையை மறித்துக்கொண்டு நின்றாரே, அந்த முதுகு! ஒரு பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த ஒரே ஒரு படத்தில்தான் தாலி தெரிந்தது. அதைப் பெரிதாக்கி அட்டையில் போட்டார்கள்.

சிரிக்கிறீர்கள், நல்லது. நான் அந்தப் பையனிடம் கேட்டேன். ‘தம்பி, இந்தச் செயலி உன் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்டிருக்குமே, படிக்கவில்லையா?’ அவன் சொன்னான்: ‘சார், இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு. எப்பவும் வர்றதுதானே, யெஸ் குடுத்துட்டேன்.’

இந்தப் பதில்தான் இன்று நான் பேச வந்த விஷயமே. ஐந்து செய்தி, பத்துக் கட்டளை எல்லாம் அப்புறம். ‘கணினியில் கவனமாக இருங்கள்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள், அந்தக் கணினியோ எச்சரிக்கையைத் தமிழில் சொல்வதில்லை. மின்கம்பத்தில் ‘அபாயம்’ என்று தமிழில் எழுதியிருக்கிறோம். பூச்சிமருந்து டப்பாவில் தமிழ் இருக்கிறது. நம் படிப்பும் சேமிப்பும் பிள்ளைகளின் போட்டோவும் அடங்கிய பெட்டி மட்டும் புரியாத மொழியில் ‘யெஸ்ஸா, நோவா’ என்று கேட்கிறது. மக்கள் அவசரத்தில் யெஸ் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ‘வானாகிரை’ என்ற பணயத் தீநிரல், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை, ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அப்டேட் போட்டவர் பிழைத்தார், ‘பிறகு பார்க்கலாம்’ என்றவர் மாட்டினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இதுதான் அப்டேட் பற்றி நான் சொல்ல வைத்திருந்த செய்தி, அதுவும் முடிந்தது.

எனக்கு அதில் உறைத்தது வேறு. பணம் கேட்டு அது காட்டிய கடிதம் 28 மொழிகளில் இருந்தது. மேலே ஒரு பட்டியல், உங்கள் மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். லாத்விய மொழி இருந்தது. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் 20 லட்சம் பேர்கூட இல்லை. தமிழ் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் நாம் 6.9 கோடிப் பேர். இந்தி, வங்காளி உட்பட இந்திய மொழி ஒன்றுமே அதில் இல்லை. கொள்ளைக்காரன் நம் மொழியை விட்டுவிட்டான் என்று வருத்தப்படவா முடியும்? ஆனால் தன் வாடிக்கையாளருக்குப் புரிகிற மொழியில் பேச வேண்டும் என்கிற புத்தி அவனுக்கு இருக்கிறது, நம்மைக் காப்பாற்ற வருகிறவர்களுக்கு இல்லை.

இத்தனைக்கும் வசதி இல்லாமல் இல்லை. விண்டோஸிலேயே தமிழ் மொழித் தொகுப்பு இருக்கிறது, இலவசம். அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தமிழ் சில இடங்களில் பல்லை உடைக்கும், இருக்கட்டும், பழகிவிடும். இணையம் பார்க்கும் பயர்பாக்ஸ் தமிழில் கிடைக்கிறது. கடிதம், கணக்கு எழுதும் லிப்ரே ஆபிஸ் தமிழில் கிடைக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் கட்டற்ற மென்பொருளில்தான், அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளில்தான், ஓடுகின்றன. அங்கே பிள்ளைகள் மலையாளத்தில் மெனுவைப் படிக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலான மென்பொருளை அதற்கென்றே இணையத்தில் உள்ள மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், கிராக் தேடி அலைய வேண்டியதே இல்லை.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் அவர்கள் பெருந்தன்மையோடு இன்னும் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார். நன்றி ஐயா. மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் செருகி, வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. ஷார்ட்கட்டைத் தட்டாமல், முதலில் ஆன்ட்டி வைரஸால் முழுதாகச் சோதியுங்கள். பிறகு ‘அட்ரிப்’ என்ற கட்டளையால் மறைந்ததை வெளியே கொண்டுவரலாம். அச்செடுக்க மட்டும்தான் என்றால் பென் டிரைவே எதற்கு, கடைக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

மின்னஞ்சல் இணைப்பு. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து காதல் கடிதம் என்ற பெயரில் ஒரு வைரஸ் உலகையே சுற்றியது. கோப்பின் பெயர், வெறும் எழுத்துக் கோப்பைப் போல, டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும். அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று, அது ஓடக்கூடிய நிரல் என்பதைக் காட்டும் உண்மையான வால் ஒளிந்திருந்தது. விண்டோஸ் இன்றும் அந்த வாலை மறைத்துத்தான் காட்டுகிறது. ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ பகுதிக்குப் போய், கோப்புப் பெயரின் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப் என்று வருவதன் பெயர் கடைசியில் ஈஎக்ஸ்ஈ என்று முடிந்தால், அது பத்திரிகை அல்ல, நிரல்; தொடாதீர்கள்.

ஆன்ட்டி வைரஸ் எது வாங்கலாம் என்று எப்போதும் கேட்பீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும், அணைக்காமல் இருந்தால். தினசரி வேலைக்கு, முழு அதிகாரம் உள்ள அட்மின் கணக்கு அல்லாத ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடவுச்சொல் பற்றிப் பேச நேரமில்லை, அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது அந்த விண்ணப்பம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நம் நூலகத்தின் பழைய கணினிகளில் ஓடுவது அதுதான். எப்படியும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது தமிழ் முகப்போடு லினக்ஸ் போட்டுவிடுங்கள், சிறுவர் பிரிவிலிருந்தே தொடங்கலாம். நிறுவிக் கொடுக்கவும் நூலகப் பணியாளர்களுக்குக் கற்றுத்தரவும் எங்கள் நண்பர்கள் தயார், சம்பளம் வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும். நகர்மன்ற உறுப்பினர் அவர்களும் அம்மையார் அவர்களும் மனது வைக்க வேண்டும். மனுவை வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள், தமிழில்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.